பதினாறு பட்டன், அதே ஆறு வரி: ஜாவா ஸ்விங்கில் காப்பி-பேஸ்ட்டைக் குறைக்க எந்த வழி, எப்போது?

ஜாவாவில் விண்டோ, பட்டன் போன்றவற்றை எழுத உதவும் நூலகம் ஸ்விங். அதில் ஒரு கால்குலேட்டர் கீபேடை எடுத்துக்கொள்வோம். 4 வரிசை, வரிசைக்கு 4, மொத்தம் 16 பட்டன். ஒவ்வொன்றுக்கும் ஆறு வரி: உருவாக்கு, எழுத்துரு கொடு, பின்னணி நிறம் கொடு, ஃபோகஸ் வாங்காதே என்று சொல், லிஸனர் (அழுத்தினால் ஓடும் நிரல்) சேர், பேனலில் (பட்டன்களைத் தாங்கும் பகுதி) போடு. ஆக 96 வரி.

7-க்கு எழுதிய ஆறு வரியைக் காப்பி செய்து 8-க்கு மாற்றும்போது, மற்ற இடங்களில் எல்லாம் பெயரை மாற்றிவிட்டு லிஸனர் வரியில் மட்டும் பழைய பட்டனின் பெயரை விட்டுவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது. ஓட்டிப் பார்த்தால் 8-ஐ அழுத்தினால் ஒன்றும் நடக்காது. 7-ஐ அழுத்தினால் திரையில் 87 வரும். 78 இல்லை, 87. ஆட்ஆக்‌ஷன்லிஸனர் பழைய லிஸனரை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதில்லை, கூட ஒன்றைச் சேர்க்கிறது. ஸ்விங் பட்டனோ கடைசியாகச் சேர்ந்த லிஸனரை முதலில் கூப்பிடுகிறது. இந்த மாதிரி பக்கைக் கண்டுபிடிக்க 96 வரியையும் கண்ணால் துழாவ வேண்டும்.

இதைக் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. குழப்பம் வருவது எப்படி என்பதில்தான். ஒருவர் தனி மெத்தட் போடு என்பார், இன்னொருவர் ஜேபட்டனை (ஸ்விங்கின் பட்டன் கிளாஸ்) எக்ஸ்டெண்ட் செய் என்பார், மூன்றாமவர் பில்டர் என்பார். மூவர் சொல்வதும் ஏதோ ஓரிடத்தில் சரிதான். திரும்ப வருவது என்ன வகை என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பதால்தான் சிக்கல்.

(கிளாஸ், மெத்தட் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறது. ஐடிஇ-யில் முதல் சில எழுத்தைத் தட்டினால் மீதியை அதுவே காட்டிவிடும்.)

## முதலில் எதை வைத்து அளப்பது

ஒரே மாதிரித் தெரியும் வரிகளை நான்காகப் பிரிக்கலாம்.

- தோற்றம்: எழுத்துரு, நிறம், பார்டர், ஃபோகஸ்.
- தரவு: பட்டன் மேலுள்ள எழுத்து, ஐகான், டூல்டிப். அமைப்பு ஒன்றே, மதிப்பு மட்டும் வேறு.
- வேலை: அழுத்தினால் நடப்பது, எப்போது அழுத்தலாம், எப்போது கூடாது என்பது.
- இடம்: எந்த பேனலில், எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில்.

ஒவ்வொரு வழியையும் எடைபோட இந்தக் கேள்விகள் போதும்: நான்கில் எதை அது குறைக்கிறது? தவறு நடந்தால் கம்பைலர் பிடிக்குமா, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியுமா? ஒரே ஒரு பட்டன் மட்டும் விதிவிலக்காக இருக்க வேண்டும் என்றால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? பிறகு அந்தப் பட்டனைப் பெயர் சொல்லிப் பிடிக்க முடியுமா? புதிதாக வருபவர் படித்தால் உடனே புரியுமா?

இன்னொரு வேலை இதற்கும் முன்னால் உண்டு: தேவையில்லாத வரியை நீக்குவது. காப்பி ஆகி வந்த வரிகளில் சில எந்த வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். உதாரணமாக, கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்லேஅவுட்டில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாகக் கொடுத்த செட்ப்ரிஃபர்டுசைஸை அது மதிக்காது. இருப்பதில் பெரிய அகல உயரத்தை மட்டும் வைத்து மொத்த பேனலின் விருப்ப அளவைக் கணக்கிடும். அந்த 16 வரியை மெத்தடுக்குள் நகர்த்துவது வீண், நீக்குவதே சரி. மற்ற லேஅவுட்களிலும் நிலையான அளவு ஆபத்துதான். மொழி மாறினாலோ எழுத்துரு பெரிதானாலோ பட்டனின் எழுத்து நறுக்கப்பட்டு மூன்று புள்ளியாக முடியும்.

## வழி 1: அப்படியே விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டே இரண்டு பட்டன், அதுவும் தற்செயலாக ஒரே மாதிரி இருப்பவை என்றால் விட்டுவிடுங்கள். "சேமி", "நீக்கு" இரண்டும் இன்று ஒரே எழுத்துருவில் இருக்கலாம். நாளை நீக்கு சிவப்பாகும், உறுதி கேட்கும், வலது ஓரத்துக்குப் போகும். இரண்டையும் ஒரே மெத்தடில் கட்டிப்போட்டால் அந்த மெத்தடுக்குள் இஃப் மேல் இஃப் முளைக்கும்.

ஒரு மாற்றம் வந்தால் எல்லா இடத்திலும் சேர்ந்தே மாற வேண்டுமா? ஆம் என்றால் ஒன்றாக்குங்கள். இல்லை என்றால், பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அவை வேறு வேறு.

## வழி 2: உதவி மெத்தட்

பெரும்பாலான நேரம் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். இதை இரண்டு விதமாக எழுதலாம், இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

உருவாக்கித் தரும் மெத்தட். எழுத்தையும் லிஸனரையும் வாங்கிக்கொண்டு, உள்ளே ஜேபட்டனை உருவாக்கி, எல்லாம் செட் செய்து திருப்பித் தரும். 96 வரி, 16 அழைப்பும் ஒரு மெத்தடுமாகச் சுருங்கும். ஜாவா 8-இல் லாம்டா (பெயரில்லாத சின்ன மெத்தட்) வந்த பிறகு லிஸனரைக் கொடுப்பதும் ஒரே வரிதான். மேலே சொன்ன 87 பக் இங்கே வரவே வழியில்லை. பட்டனின் பெயர் மெத்தடுக்குள் ஒரே ஒரு மாறி, இரண்டாவது பெயர் அங்கே கிடையாது.

அலங்கரிக்கும் மெத்தட். உருவாக்குவது கூப்பிடுபவர் பொறுப்பு. மெத்தட் அதை வாங்கி, தோற்றத்தை மட்டும் மாற்றி, அதையே திருப்பித் தரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாராமீட்டரை ஜேபட்டன் என்று எழுதாமல், ஜெனரிக்காக (வகையைக் கூப்பிடும் இடம் முடிவு செய்யும்படி) "அப்ஸ்ட்ராக்ட்பட்டனை எக்ஸ்டெண்ட் செய்யும் டி" என்று வாங்கி, அதே டி-யைத் திருப்பினால், ஜேபட்டன், ஜேடாகிள்பட்டன், ஜேரேடியோபட்டன், ஜேசெக்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கூப்பிடும் இடத்தில் காஸ்ட் தேவையில்லை, உள்ளே போன வகையே வெளியே வரும். எழுத்துரு, பார்டர் மட்டும் என்றால் ஜேகாம்பொனன்ட் வரை மேலே போகலாம். டெக்ஸ்ட்ஃபீல்டும் லேபிளும்கூட உள்ளே வந்துவிடும்.

அலங்கார மெத்தடின் இன்னொரு லாபம், ஓஎஸ் வாரியான கோளாறுக்கு மருந்து ஒரே இடத்தில் போதும் என்பது. மேக்கின் இயல்பான லுக் அண்ட் ஃபீலில் (திரைத் தோற்றப் பாணி) செட்பேக்ரவுண்ட் மட்டும் கொடுத்தால் பட்டன் முகம் நிறம் மாறாது. செட்ஓபேக்கை ட்ரூவாகவும் செட்பார்டர்பெயின்டடை ஃபால்ஸாகவும் வைக்க வேண்டியிருக்கும். 16 இடத்தில் தேடித் தேடிச் சேர்ப்பதும், ஒரே மெத்தடில் இரண்டு வரி சேர்ப்பதும் ஒன்றா?

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், பாராமீட்டர் பட்டியலில். முதலில் இரண்டு பாராமீட்டர். பிறகு ஒருவர் நிறம் சேர்ப்பார், இன்னொருவர் அகலம், உயரம் சேர்ப்பார், மூன்றாமவர் இரண்டு பூலியன். கடைசியில் அழைப்பைப் பார்த்தால் "சேமி, ட்ரூ, ஃபால்ஸ், 80, 30" என்று நிற்கும். எந்த ட்ரூ எதற்கு? 80-ஐயும் 30-ஐயும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் இரண்டும் இன்ட் என்பதால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்.

அதைத் தடுக்க, பூலியன் வாங்கும் ஒரே மெத்தடை உடைத்து, முதன்மைப்பட்டன், ஆபத்துப்பட்டன், எண்பட்டன் என்று பெயரே பொருள் சொல்லும் சின்ன மெத்தட்களாக்குங்கள். உள்ளே எல்லாமே ஒரு பிரைவேட் மெத்தடைக் கூப்பிடட்டும். எப்போதாவது வரும் விதிவிலக்குக்குப் பாராமீட்டர் வேண்டாம். மெத்தட் திருப்பித் தந்த பட்டன்மேல் அடுத்த வரியில் செட்டரைக் கூப்பிட்டால் முடிந்தது. கன்ஸ்யூமர் லாம்டாக்களை வாரார்க்ஸாக (எத்தனை கொடுத்தாலும்) வாங்கி உள்ளேயே ஓட்டும் பாணியும் உண்டு; டி ஜெனரிக்காக இருந்தால் கம்பைலர் எச்சரிக்கை தரும், ஸ்டேட்டிக் மெத்தடின் மேல் சேஃப்வாரார்க்ஸ் அனோட்டேஷன் போட வேண்டும். ஒன்றிரண்டு விதிவிலக்குக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

## வழி 3: தரவைப் பட்டியலாக்கி லூப் ஓட்டுவது

உதவி மெத்தட் வந்த பிறகும் 16 அழைப்பு இருக்கிறது. அவற்றில் மாறுவது எழுத்து மட்டும் என்றால், எழுத்துகளை அரேயில் வைத்து லூப் ஓட்டலாம். கிரிட்லேஅவுட் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என நிரப்புவதால், பட்டியலின் வரிசைதான் திரையின் வரிசை.

இங்கே புதிதாக எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் மூன்று.

ஒன்று, பட்டனை லூப்புக்கு வெளியே உருவாக்கிவிட்டு உள்ளே 16 முறை ஆட் செய்வது. ஒரு காம்பொனன்டுக்கு ஒரு பெற்றோர்தான். திரும்ப ஆட் செய்தால் பழைய இடத்திலிருந்து எடுத்துத்தான் புதிய இடத்தில் வைக்கும். முடிவில் திரையில் ஒரே ஒரு பட்டன் இருக்கும். ஃபான்ட், ஐகான், பார்டர் போன்றவற்றை வெளியே ஒருமுறை உருவாக்கிப் பகிரலாம். காம்பொனன்டை முடியாது.

இரண்டு, எண் வைத்த பழைய பாணி ஃபார் லூப்பின் ஐ-யை லாம்டாவுக்குள் பயன்படுத்துவது. மதிப்பு மாறும் மாறி என்பதால் கம்பைல் ஆகாது. லூப்புக்குள் ஒரு உள்ளூர் மாறியில் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஃபார்-ஈச் வடிவத்துக்கு மாறுங்கள். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி.

மூன்றாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. எல்லாப் பட்டனுக்கும் ஒரே லிஸனரைக் கொடுத்து, உள்ளே கெட்ஆக்‌ஷன்கமாண்டை ஸ்விட்ச் போட்டுப் பிரிப்பது. செட்ஆக்‌ஷன்கமாண்ட் தனியாகக் கொடுக்காவிட்டால் அது தருவது பட்டன் மேலுள்ள எழுத்தை. என்றைக்கு மொழிபெயர்ப்பு வருகிறதோ, அன்றைக்கு ஸ்விட்ச் எதற்கும் பொருந்தாமல் டீஃபால்ட்டில் விழும். எரர் எதுவும் வராது. பட்டன் சும்மா இருக்கும்.

எண் பட்டனும் செயல் பட்டனும் கலந்திருந்தால் வெறும் எழுத்து அரே போதாது. அங்கே எனம் (நிலையான கான்ஸ்டன்ட்களின் பட்டியலான கிளாஸ்) பொருத்தம்: ஒவ்வொரு விசைக்கும் ஒரு கான்ஸ்டன்ட், அதனுள் எழுத்து, வகை, வேலையைச் சொல்லும் லாம்டா. வேல்யூஸ் மெத்தட் அறிவித்த வரிசையிலேயே திருப்பித் தரும், லூப் அதைச் சுற்றினால் கீபேட் தயார். கான்ஸ்டன்டின் கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு மதிப்பு கொடுக்க மறந்தாலும் கம்பைலர் பிடித்துவிடும். இணையான மூன்று அரேக்களில் ஒன்றில் ஒரு மதிப்பு குறைந்திருந்தால் அது ஓடும்போதுதான் வெடிக்கும். பட்டியல் நிலையானதாக இல்லாமல் ஃபைலிலிருந்தோ டேட்டாபேஸிலிருந்தோ வருகிறது என்றால் எனம் உதவாது, ரெக்கார்ட் (தரவை மட்டும் வைத்திருக்கும் சின்ன கிளாஸ்) நல்லது. ஜாவா 16 முதல் அது மொழியின் நிரந்தரப் பகுதி.

லூப்பின் பெரிய மறைமுகச் செலவு பெயர் போய்விடுவது. "சமம் பட்டனை மட்டும் மங்கலாக்கு" என்று பின்னால் கேட்டால், அதைப் பிடிக்க மாறி இல்லை. எனம் பயன்படுத்தியிருந்தால் எனம்மேப்பில் கான்ஸ்டன்டுக்கு எதிராகப் பட்டனைப் போட்டுவைத்தால் தீர்ந்தது. கூடவே செட்நேமில் கான்ஸ்டன்டின் பெயரையும் வையுங்கள், தானியங்கி யூஐ டெஸ்ட் எழுதுபவர் பட்டனைப் பெயர் சொல்லித் தேட உதவும். டீபக் செய்யும்போது லூப்பில் வைத்த பிரேக்பாயின்ட் 16 முறை நிற்கும் என்பதும் உண்டு. நிபந்தனை வைத்த பிரேக்பாயின்ட் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எனத்தில் இரண்டு கண்ணி. கான்ஸ்டன்ட்களை யாராவது அகர வரிசையில் அடுக்கி "சுத்தம்" செய்தால் கீபேடே கலைந்துவிடும். எனத்தின் தலையில் ஒரு கமென்ட் போட்டு எச்சரியுங்கள். எனத்துக்குள் மொழிபெயர்த்த எழுத்தை நேரடியாக வைக்காமல், அதன் கீயை வையுங்கள். கான்ஸ்டன்ட் உருவாவது கிளாஸ் ஏற்றப்படும்போது ஒரே முறை. பிறகு மொழி மாற்றினால் அதற்குத் தெரியாது.

## வழி 4: ஜேபட்டனை எக்ஸ்டெண்ட் செய்வது

பாடப்புத்தகத்தில் இன்ஹெரிட்டன்ஸ் படித்த கையோடு பலர் ஓடுவது இங்கேதான். எழுத்துருவும் நிறமும் செட் செய்ய மட்டும் ஒரு சப்கிளாஸ் என்றால், அது உதவி மெத்தட் செய்யும் வேலையை அதிக விலைக்கு வாங்குவது.

விலை என்னென்ன? ஜேபட்டனுக்கு ஐந்து கன்ஸ்ட்ரக்டர்கள். அவை தானாக வாரிசுக்கு வராது, வேண்டியதைத் திரும்ப எழுத வேண்டும். ஸ்விங் காம்பொனன்ட்கள் சீரியலைசபிள் (ஃபைலில் சேமிக்கத்தக்கவை) என்பதால் கம்பைலரின் லின்ட் எச்சரிக்கை முழுதாகப் போட்டிருந்தால் சீரியல்வெர்ஷன்யூஐடி இல்லை என்று புலம்பும். ஜேபட்டனை எக்ஸ்டெண்ட் செய்த அழகு ஜேடாகிள்பட்டனுக்கு வராது. அவை இரண்டும் அப்ஸ்ட்ராக்ட்பட்டனின் பிள்ளைகள், அண்ணன் தம்பி மாதிரி. அடுத்து "சிவப்புப் பட்டன்", "சின்னப் பட்டன்", "சின்ன சிவப்புப் பட்டன்" என்று குடும்பம் பெருகும்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. சப்கிளாஸில் அழுத்தநிறம் என்று ஒரு ஃபீல்ட் வைத்து, அதற்கு அங்கேயே மதிப்பும் கொடுத்து, அப்டேட்யூஐ மெத்தடை ஓவர்ரைட் செய்து அந்த நிறத்தைப் பின்னணியாகச் செட் செய்கிறீர்கள். ஓட்டினால் நிறம் வராது. பெற்றோரின் கன்ஸ்ட்ரக்டரே அப்டேட்யூஐ-யைக் கூப்பிடுகிறது. அந்த நொடியில் சப்கிளாஸின் ஃபீல்ட் இன்னும் நல். செட்பேக்ரவுண்டுக்கு நல் கொடுப்பது பிழை இல்லை, அமைதியாக ஏற்றுக்கொள்ளும். ஃபீல்டுக்கு மதிப்பு வரும்போது அந்த அழைப்பு முடிந்து போயிருக்கும். நிறத்துக்குப் பதில் அந்த ஃபீல்டின்மேல் ஏதாவது மெத்தடைக் கூப்பிட்டிருந்தால் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும். அது பரவாயில்லை, காரணமாவது தெரியும். ஃபீல்டை ஸ்டேட்டிக் ஃபைனல் ஆக்கினால் இந்தப் பிரச்சனை இல்லை.

அப்படியானால் சப்கிளாஸ் எப்போது சரி? பட்டன் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்றால். பெயின்ட்காம்பொனன்டை ஓவர்ரைட் செய்து வட்டமாக வரைய, அறிவிப்பு எண்ணிக்கையை மூலையில் காட்ட, தனக்கென்று ஒரு நிலையை வைத்துக்கொள்ள. செட்டரால் செய்ய முடிவதற்கு சப்கிளாஸ் வேண்டாம். ஓவர்ரைட் செய்தே ஆக வேண்டும் என்றால்தான் வேண்டும்.

இதோடு சேர்த்து, இரட்டை அடைப்பு பாணி பற்றி ஒரு வார்த்தை. புது பட்டன் உருவாக்கும் இடத்திலேயே இரண்டு நெளி அடைப்பு போட்டு உள்ளே செட்டர்களை எழுதுவது. சுருக்கமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் பெயரில்லாத ஒரு சப்கிளாஸ். 16 இடத்தில் எழுதினால் 16 கூடுதல் கிளாஸ் ஃபைல். ஸ்டேட்டிக் அல்லாத இடத்தில் எழுதினால் வெளி ஆப்ஜெக்டைப் பிடித்துவைக்கவும் கூடும். திரும்ப வருவதையும் அது குறைப்பதில்லை, மாறியின் பெயரை மட்டும் விழுங்குகிறது. தவிர்த்துவிடலாம்.

## வழி 5: பில்டர்

ஸ்விங் செட்டர்கள் எதையும் திருப்பித் தருவதில்லை, அதனால் சங்கிலியாக எழுத முடியாது. அதைச் சரிக்கட்ட ஒரு பில்டர் கிளாஸ் (மதிப்புகளைச் சங்கிலியாக வாங்கி, கடைசியில் பட்டனை உருவாக்கித் தருவது) எழுதலாம். படிக்க அழகு, எந்த மதிப்பு எதற்கு என்பது பெயரிலேயே இருக்கும், 80, 30 குழப்பம் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விருப்பத் தேர்வு 8 என்றால், 8 ஃபீல்ட், நான்கு வரி வீதம் 8 மெத்தட், பில்ட் மெத்தடுக்குள் 8 வரி. ஏறத்தாழ 50 வரியைப் புதிதாக எழுதி, பராமரிக்கவும் வேண்டும். 16 பட்டனுக்கு இது கட்டுப்படியாகாது. பல திரைகள், பல பேர், பொதுவான ஒரு யூஐ நூலகம் என்றால் கட்டுப்படியாகும்.

பட்டனுக்கும் டெக்ஸ்ட்ஃபீல்டுக்கும் பொதுவான பில்டர் எழுதினால், பொது மெத்தடைக் கூப்பிட்டவுடன் பெற்றோர் வகை திரும்பி, பிள்ளையின் மெத்தட் சங்கிலியில் கிடைக்காமல் போகும். தன் வகையைத் தானே பாராமீட்டராக வாங்கும் ஜெனரிக் எழுதினால்தான் சரியாகும், அதைப் படித்துப் புரிந்துகொள்வது லேசான வேலை இல்லை. ஒரே பில்டரை இரண்டு பட்டனுக்குப் பயன்படுத்தினால் முதல் பட்டனுக்குக் கொடுத்த டூல்டிப் இரண்டாவதிலும் ஒட்டிக்கொள்ளும்.

## வழி 6: ஆக்‌ஷன்

ஸ்விங்கிலேயே இருந்தும் பலர் தொடாத பொருள் இது. "சேமி" என்பது மெனுவில் ஒன்று, டூல்பாரில் ஒன்று, படிவத்தின் அடியில் ஒன்று. மூன்றுக்கும் எழுத்து, ஐகான், டூல்டிப், லிஸனர். மாற்றம் எதுவும் இல்லாதபோது மூன்றையும் மங்கலாக்க மூன்று செட்எனேபிள்ட். அதில் ஒன்றை மறந்தால், மெனு மங்கலாக இருக்கும், டூல்பார் அழுத்த முடியும்.

அப்ஸ்ட்ராக்ட்ஆக்‌ஷனை எக்ஸ்டெண்ட் செய்து, புட்வேல்யூவில் பெயர், ஐகான், சுருக்க விளக்கம், குறுக்குவிசை எல்லாம் வைத்து, ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்டில் வேலையை எழுதுங்கள். அந்த ஒரே ஆப்ஜெக்டை மூன்று இடத்துக்கும் கொடுங்கள். ஆக்‌ஷன்மேல் ஒருமுறை செட்எனேபிள்ட் ஃபால்ஸ் சொன்னால் மூன்றும் சேர்ந்து மங்கும், பெயர் மாற்றினால் மூன்றிலும் மாறும். டூல்பாரில் ஐகான் மட்டும் போதும் என்றால் அந்தப் பட்டனில் செட்ஹைட்ஆக்‌ஷன்டெக்ஸ்ட்.

தெரிந்துகொள்ள வேண்டிய குறைகள்:

- ஆக்ஸலரேட்டர் கீ மெனு ஐட்டத்தில் மட்டும் வேலை செய்யும். மெனுவே இல்லாத விண்டோவில், பட்டனுக்குக் கொடுத்த ஆக்‌ஷனில் கன்ட்ரோல்-எஸ் வைத்தால் ஒன்றும் நடக்காது. இன்புட்மேப், ஆக்‌ஷன்மேப் வழியாகத் தனியே இணைக்க வேண்டும். அதே ஆக்‌ஷன் ஆப்ஜெக்டை அங்கேயும் கொடுக்கலாம்.
- புட்வேல்யூ எந்த ஆப்ஜெக்டையும் வாங்கும், வகை சரிபார்ப்பு கிடையாது. நெமோனிக் கீக்கு (ஆல்ட்டோடு அழுத்தும் எழுத்து) இன்டிஜர் வேண்டும். கேரக்டர் கொடுத்தால் கம்பைல் ஆகி, பட்டனில் இணைக்கும்போது கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் தரும்.
- செக்பாக்ஸ் மெனுவுக்கான செலக்டட் கீ தொடக்கத்தில் நல்லாக இருந்தால் காம்பொனன்ட் அதைக் கண்டுகொள்ளாது. முதலிலேயே ட்ரூ அல்லது ஃபால்ஸ் வைத்துவிடுங்கள்.
- பட்டனில் நேரடியாகச் செட்டெக்ஸ்ட் கொடுத்தால், பின்னால் ஆக்‌ஷனின் பெயர் மாறும்போது அது அழிந்துவிடும்.

ஆக்‌ஷன் எழுத்துரு, நிறத்தைத் தொடுவதில்லை. கால்குலேட்டரில் ஒவ்வொரு விசையும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்றால் இதன் பயன் குறைவு. ஒரே கட்டளைக்கு இரண்டாவது வாசல் வந்த நிமிடம் மாறிவிடுங்கள்.

## வழி 7: யூஐமேனேஜர்

நிரல் முழுதும் எல்லாப் பட்டனுக்கும் ஒரே எழுத்துரு என்றால், காம்பொனன்ட்களின் இயல்பு மதிப்புகளை வைத்திருக்கும் யூஐமேனேஜரின் புட் மூலம் பட்டன்-ஃபான்ட் கீக்கு ஒருமுறை மதிப்பு வைத்தால் போதும். காம்பொனன்ட்கள் உருவாகும் முன் வைக்க வேண்டும். விண்டோ திறந்த பிறகு வைத்தால் ஸ்விங்யூட்டிலிட்டீஸின் அப்டேட்காம்பொனன்ட்ட்ரீயூஐ கூப்பிட்டால்தான் தெரியும்.

எல்லாம் என்றால் எல்லாமேதான்: பல லுக் அண்ட் ஃபீலில் ஃபைல் தேர்வு விண்டோ, ஆம்-இல்லை டயலாக் ஆகியவற்றின் பட்டனும் மாறும். கீபேடுக்காக 24 புள்ளி எழுத்துரு வைத்தால் அங்கே டயலாக்கின் "சரி" பட்டனும் 24 புள்ளியில் வந்து நிற்கும். நீங்கள் புட் செய்தது லுக் அண்ட் ஃபீல் மாற்றினாலும் நிலைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கீ பெயர் வெறும் ஸ்ட்ரிங். ஓர் எழுத்து பிசகினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேலை செய்யாது.

## ஒரே பார்வையில்

| வழி | எது குறைகிறது | மறைந்திருக்கும் செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|
| அப்படியே விடுவது | ஒன்றுமில்லை | எண்ணிக்கை கூடினால் பக் | இரண்டே பட்டன், தற்செயல் ஒற்றுமை |
| உதவி மெத்தட் | தோற்றம், கொஞ்சம் வேலை | பாராமீட்டர் பெருகுவது | மூன்றாவது பட்டன் வந்ததும் |
| எனம், லூப் | தரவு, இடம் | பெயர் போவது, வரிசை கலைவது | கீபேட், நாள்காட்டி, நிறத் தட்டு |
| சப்கிளாஸ் | நடத்தை | கன்ஸ்ட்ரக்டர் கண்ணி, குடும்பப் பெருக்கம் | வரைவதையே மாற்ற வேண்டும் என்றால் |
| பில்டர் | தோற்றம், தரவு | 50 வரி முதலீடு | பல திரை, பொது நூலகம் |
| ஆக்‌ஷன் | வேலை, தரவு | வகை சரிபார்ப்பு இல்லை | ஒரே கட்டளை பல இடத்தில் |
| யூஐமேனேஜர் | தோற்றம் | எல்லா இடத்திலும் பரவுவது | நிரல் முழுதும் ஒரே பாணி |

கால்குலேட்டருக்கு இவற்றில் ஒன்று போதாது. எனம், லூப், அலங்கார மெத்தட் மூன்றும் சேர வேண்டும்: தரவு எனத்தில், தோற்றம் மெத்தடில், இடம் கிரிட்லேஅவுட்டில். 96 வரியில் எனத்தின் 16 கான்ஸ்டன்டும் சுமார் 15 வரியும்தான் மிஞ்சும்.

## பட்டன் அல்லாத இடம்: லேபிளும் பெட்டியும்

விவரம் நிரப்பும் படிவத்தில் திரும்ப வருவது பெரும்பாலும் இடம்தான். கிரிட்பேக்லேஅவுட்டில் ஒரு லேபிள்-பெட்டி ஜோடிக்குப் பத்து வரிக்கு மேல் போகும். இங்கே ஒரு வரிசைசேர் மெத்தட் போதும். பேனல், வரிசை எண், லேபிள் எழுத்து, காம்பொனன்ட் நான்கையும் வாங்கட்டும். உள்ளே:

1. புது கிரிட்பேக்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் உருவாக்கு; கிரிட்ஒய் = வரிசை எண், இன்செட்ஸ் நாலு பக்கமும் 4.
2. லேபிளுக்கு கிரிட்எக்ஸ் 0, வெயிட்எக்ஸ் 0, பேனலில் சேர்.
3. லேபிளில் செட்லேபிள்ஃபார் மூலம் பெட்டியை இணை.
4. பெட்டிக்கு கிரிட்எக்ஸ் 1, வெயிட்எக்ஸ் 1, ஃபில் ஹாரிசான்டல், சேர்.

மூன்றாம் படியைக் கையால் எழுதும்போது பலர் மறப்பார்கள். திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்கு எந்தப் பெட்டி எதற்கு என்று தெரிய அதுதான் எளிய வழி. மெத்தடில் ஒருமுறை எழுதினால் எல்லா வரிசைக்கும் வந்துவிடும்.

கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆப்ஜெக்டை மெத்தடுக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆப்ஜெக்டை எல்லா வரிசைக்கும் பயன்படுத்துவது தவறில்லை, சேர்க்கும்போது லேஅவுட் அதன் நகலைத்தான் எடுத்துவைக்கும். ஆனால் மூன்றாம் வரிசைக்கு கிரிட்விட்த் 2 வைத்துவிட்டு 1-க்குத் திருப்ப மறந்தால், நான்காம் வரிசையிலிருந்து லேபிளும் பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கடைசியில் வரும் பெரிய குறிப்புப் பெட்டிக்கு வெயிட்ஒய் 1, ஃபில் போத் வேண்டும். அதற்காக வரிசைசேர் மெத்தடில் பூலியன் சேர்க்காமல், அந்த ஒன்றைக் கையால் எழுதுங்கள்.

## விஷுவல் எடிட்டர் எழுதிய கோடு என்றால்

நெட்பீன்ஸ் மாதிரியான கருவியில் இழுத்துவைத்து வடிவமைத்தால், இனிட்காம்பொனன்ட்ஸ் மெத்தட் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் வரிகளாகத்தான் இருக்கும். அதில் கை வைக்கக் கூடாது. அந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கும், வேறு எடிட்டரில் திறந்து மாற்றினாலும் அடுத்த முறை வடிவமைப்பைச் சேமிக்கும்போது பழையபடி எழுதிவிடும். தோற்ற வரிகளை வடிவமைப்பில் கொடுக்காமல், கன்ஸ்ட்ரக்டரில் இனிட்காம்பொனன்ட்ஸ் அழைப்புக்கு அடுத்த வரியில் உங்கள் அலங்கார மெத்தடைக் கூப்பிடுங்கள்.

பேனலின் கெட்காம்பொனன்ட்ஸை உள்ளே உள்ளே சுற்றி எல்லா ஜேபட்டனையும் அலங்கரிப்பது வசதிதான், ஆனால் காம்போபாக்ஸின் அம்புக்குறி, ஸ்க்ரோல்பார் நுனி, ஸ்பின்னரின் மேல்-கீழ் அம்பு எல்லாம் பல லுக் அண்ட் ஃபீலில் உள்ளுக்குள் ஜேபட்டன்களே. அவையும் 24 புள்ளி எழுத்துருவும் நீலப் பின்னணியும் வாங்கிக்கொண்டு விகாரமாக நிற்கும். அலங்கரிக்க வேண்டியவற்றில் மட்டும் புட்கிளையன்ட்ப்ராபர்ட்டி மூலம் ஒரு குறி வைத்து, சுற்றும்போது அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.